விருந்தாளிகளுக்கு ஒரு கணவர்

பெய்ஜிங்கில் முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், குவெய்ரோங்கின் வீட்டுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. சுற்றுலா நிறுவனத்தின் பட்டியலில் அதற்கு 'சீனக் குடும்பத்தோடு ஒரு மதியம்' என்று பெயர். வருகிறவர்கள் மாவைத் தேய்த்து, இறைச்சி வைத்து, கோணல்மாணலாகக் கொழுக்கட்டை பிடிப்பார்கள். அவள் வேகவைத்துக் கொடுப்பாள். ஆனால் கொழுக்கட்டையால்தான் அந்த வீடு பேர் வாங்கியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேர் வாங்கிக் கொடுத்தது அவள் கணவர் தெஹாயின் வாய்.

தெஹாய் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அதே பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவள் குவெய்ரோங். ஒரு பனிநாளில் அவள் குளிரில் வெடவெடப்பதைப் பார்த்துவிட்டு, நிறுத்தமே இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப்போய், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கிவந்து கொடுத்தார். இதை அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, வழிகாட்டிப் பெண் சின்ன ஜீ மொழிபெயர்ப்பாள்.

"முப்பது பேர் என்னைத் திட்டினாங்க. இந்தக் கிழவி மட்டும் திட்டல. வாய் நிறையக் கிழங்கு!" என்று முடிப்பார். வீடே சிரிக்கும்.

போன இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்து அந்த வாயை ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆறு மாதம் விடாமல் ஊசி குத்தி வைத்தியம் செய்தால் நடக்க வைத்துவிடலாம், நடுவில் விட்டால் அவ்வளவுதான் என்றார் வைத்தியர். ஓய்வூதியம் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போயிற்று. ஊசிக்கு விருந்தாளிகள் வந்தால்தான் உண்டு.

சின்ன ஜீ வந்து பார்த்துவிட்டு, கொடுத்த தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. சந்தோஷமா இருக்கணும்னு வர்றவங்க. மாமாவ இப்படிப் பாத்தா அவங்களுக்குச் சோறு எறங்குமா? கம்பெனியில வீட்டையே பட்டியல்லேருந்து எடுத்துடச் சொல்றாங்க."

"நான் மட்டும் இருந்தாப் போதாதா?"

"குடும்பம்னு போட்டிருக்கே அத்தை. வேற ஒரு மாமாவ உக்கார வெச்சுக்கலாம். ரெண்டு மணி நேரந்தானே!"

டிப்போவில் தெஹாயோடு வேலை பார்த்த ஃபூ அகப்பட்டார். மனைவி போன பிறகு பொழுது போகாமல் சந்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த மனிதர். விஷயத்தைக் கேட்டதும் தெஹாய் பாதி வாயால் சிரித்தார்.

"அவனா? ஏய் கிழவி, கிழங்குக் கதைய நாசம் பண்ணிடுவானே!"

முதலில் நாசம்தான் செய்தார். தெஹாயின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து உளறிக் கொட்டினார். ஆனால் சித்திரமும் கைப்பழக்கம்தானே. வசந்தம் வருவதற்குள் தெஹாயைவிட நன்றாகவே சொன்னார். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. தெஹாயைப் படுக்க வைத்திருந்த உள்ளறையின் கதவோ மெல்லிய பலகை. இந்தப் பக்கம் மூச்சுவிட்டாலே அந்தப் பக்கம் கேட்கும். தன் காதலை இன்னொருவன் தன்னுடையதாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதைத் தெஹாய் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார். அவர் கால்விரல்கள் அசையத் தொடங்கியிருந்தன. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் குவெய்ரோங் வெட்கத்தை விழுங்கினாள்.

ஊசி தொடங்கி ஐந்தாவது மாதம். ஹாலந்திலிருந்து வந்த ஓர் அம்மாள் கதையைக் கேட்டு உருகிப்போய், ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு படம் எடுக்கிறேன் என்றாள். ஃபூ தயங்கிவிட்டு குவெய்ரோங்கின் கையைப் பிடித்தார். அப்போதுதான் உள்ளே பொத்தென்று ஏதோ விழுந்தது.

"அது பழைய சாமான் போடற ரூம். உள்ள யாரும் இல்ல!" என்றாள் சின்ன ஜீ, யாரும் கேட்காமலே. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அந்த அம்மாள் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்து, விழுந்து கிடந்தார் தெஹாய்.

இவர் யார் என்று அந்த அம்மாள் கேட்டாள். எல்லோரும் குவெய்ரோங்கைப் பார்த்தார்கள். இன்னும் ஒரே ஒரு மாதம். உண்மையைச் சொன்னால் பட்டியலிலிருந்து வீடு போகும், ஊசி போகும், அந்தக் காலும் போகும். இதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவும் ஓடவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரர். பாவம், யாருமில்ல. நாங்கதான் பாத்துக்கறோம்."

சின்ன ஜீ மொழிபெயர்த்தாள். என்ன நல்ல மனசு உங்களுக்கு என்று விருந்தாளிகள் நெகிழ்ந்து போனார்கள். தெஹாய் இடது கையை உயர்த்தி, பதினாறு வருடத்தில் பொறுக்கிய அரைகுறை ஆங்கிலத்தில், "ஹலோ. நான் பக்கத்து வீடு. இவங்க நல்லவங்க" என்றார்.

எல்லோரும் போன பிறகு, குவெய்ரோங் அவரை இழுத்துக் கட்டிலில் போட்டாள்.

"ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன், பெரியக்கா."

கிழவி என்று கூப்பிடுகிறவர் பக்கத்து வீட்டுக்காரரைப் போலக் கூப்பிட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறார் என்றால் அந்தப் பாதி வாயில் சிரிப்பு இருக்க வேண்டும். இல்லை.

"என்ன பேச்சு இது? உன்ன நடக்க வைக்கத்தானே இவ்ளோவும்?"

"நாளைக்கு ஊசிக்காரர வர வேண்டாம்னு சொல்லிடுங்க, பெரியக்கா. நடந்து நான் எந்த வீட்டுக்குப் போகப்போறேன்?"

மறுநாள் வைத்தியர் வந்தார். தெஹாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு காலைக் காட்ட மறுத்துவிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஆறு மாதம் முடிந்தது. விருந்தாளிகள் மட்டும் குறையவே இல்லை.