இடி கேட்கும் பெட்டி

ரேடியோ செய்து பிழைக்கிறவனுக்கு முதல் தொல்லை பாகங்கள் கிடைக்காதது இல்லை, பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பதுதான். எதையாவது செய்து விற்றுவிட்டு அதன் பின்னாலேயே பஸ் ஏறி அலைகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு

குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் பட்டறை. நானும், காயில் என்கிற கம்பிச் சுருளைச் சுற்றுகிற சரசுவும்தான் மொத்தக் கம்பெனி. நாங்கள் செய்வது மின்னலைக் கேட்கிற ரேடியோ. தூரத்தில் மின்னல் வெட்டினால் ரேடியோவில் கரகரவென்று ஒரு சத்தம் வரும் இல்லையா, அந்தக் கரகரப்பை மட்டும் பிடிக்கும்படி ஒரு கம்பிச் சுருளை டியூன் செய்து வைப்போம். மின்னல் நெருங்கி வந்தால் சைரன் ஊதும். தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள் மேட்டை விட்டு இறங்கிவிடலாம்.

இதை ஜெகதளாவில் ஒரு தோட்டக்காரரிடம் முக்கால் மணி நேரம் விளக்கினேன். நல்ல மனிதர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காதருகே வைத்துப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "எல்லாஞ் சரிங்க. மழை இல்லாத நாள்ல இதுல பாட்டு கேட்டுக்கலாமுங்களா?"

நூற்றி எண்பது

சுருளின் இரண்டு முனைகளும் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் என்ற ஒன்றுக்குப் போகும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மோட்டார் இரைச்சல், பக்கத்து வேலியின் கரண்ட் எல்லாம் இரண்டு முனைக்கும் ஒரே மாதிரி வந்து சேரும். அதைத் தள்ளிவிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது பெரிதாக்கிக் கொடுக்கும். அதற்குச் சுருளின் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு பாதியில் நாலு சுற்று கூடிவிட்டால் பக்கத்து வேலியும் மின்னலாகிவிடும்.

சரசு உதட்டை மட்டும் அசைத்து எண்ணிக்கொண்டே சுற்றுவாள். ஒருநாள் ஏதோ ஞாபகத்தில், "சரசு, அந்தச் சின்ன ஸ்குரூ டிரைவரைப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டேன். கை நின்றது, எண்ணிக்கை தவறிவிட்டது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அத்தனை கம்பியையும் நிதானமாக அவிழ்த்தாள். கீழே ஓடிப்போய் டீயும் பன்னும் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். பன்னைத் தின்றுவிட்டு, மறுபடி முதல் சுற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "டீயெல்லாம் வேண்டாங்ண்ணா. நூத்தி எம்பது வர்ற வரைக்கும் உங்களுக்கு வாய் இல்லைன்னு நெனச்சுக்கங்க."

ஒழுங்கான மெஷின்

மஞ்சூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் பெட்டியை மாட்டினோம். இரண்டாவது வாரமே அங்கிருந்த பீல்டு ஆபீசர் போன் செய்தார். வெயில் அடிக்கிறது, சைரன் ஊதுகிறது. பெண்கள் கூடையோடு எடை போடும் ஷெட்டுக்கு இறங்குகிறார்கள், மறுபடி மேடு ஏறுகிறார்கள். வேலை ஓடவில்லை. அந்த மலைப்பாதை வளைவுகளில் மூன்று முறை பஸ்ஸில் போய் வந்தேன். இரண்டு முறை ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது முறைதான் பார்த்தேன், பெட்டிக்குள் மூடுபனி புகுந்து, சுருளின் ஒரு முனை சேருகிற இடத்தில் மட்டும் நீர் கோத்திருந்தது. இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் போய், கீழே காட்டுப்பன்றி வராமல் போட்ட கரண்ட் வேலியின் ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஊதியிருக்கிறது. துடைத்து, காயவைத்து, மெழுகு பூசி அடைத்தேன். பழுது தீர்ந்தது.

ஆபீசருக்கு நம்பிக்கை வரவில்லை. "எதுக்கும் கொஞ்சம் கொறைச்சு வைங்க சார்" என்றார். எவ்வளவு தூரத்து மின்னலுக்கு ஊத வேண்டும் என்பதற்கு உள்ளே ஒரு திருகு உண்டு. அதைக் குறைத்தால் மின்னல் ரொம்பப் பக்கத்தில் வந்த பிறகுதான் ஊதும். இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அலுத்துப்போயிருந்தது. நான்காவது முறை அந்த பஸ்ஸில் ஏற உடம்பில் தெம்பில்லை. பாதிக்குத் திருகி மூடியைப் போட்டேன். அவர் என் முதுகில் தட்டினார்: "இப்பத்தான் சார் இது ஒழுங்கான மெஷின்."

இடது காது

ஐப்பசியில் ஒரு மதியம், மேல்காட்டில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் இடி விழுந்தது. சைரன் ஊதியதாம். பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மரத்துக்குப் பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பார்வதியக்காவைச் செடிமேல் தூக்கிப் போட்டிருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது காது கேட்காமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைனில் அவர் வீட்டுக்குப் போனேன். என்னை விடப் பத்து வயது மூத்தவர். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன்: "அக்கா, அந்தப் பொட்டியில திருகக் கொறச்சு வச்சது நான்தாங்க." அவர் முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினார். முதலிலிருந்து மறுபடி, இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அவர் திட்டவில்லை. நான் உட்கார ஒரு பலகையை நகர்த்திப் போட்டார். பிறகு சொன்னார்: "முன்னால சும்மா சும்மா ஊதறப்ப உங்களத் திட்டிக்கிட்டேதான் இறங்குவோமுங்க. ஆனா இறங்கினோமுங்க."

ஷெட்டில் ஒரு சேர்

மஞ்சூர் பெட்டியையும் கழற்றிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பி, எல்லாப் பெட்டியிலும் அந்தத் திருகைப் பிடுங்கிவிட்டு, தூரத்து மின்னலுக்கே ஊதும் அளவில் நிறுத்தி, யாரும் மாற்ற முடியாதபடி அந்த இடத்தை ஈயம் வைத்து அடைத்தேன். சரசு ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் கொடுத்தாள்.

மஞ்சூர் பெட்டியை ஷெட் சுவரில் மாட்டிவிட்டு ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள் சைரன் ஊதியது. எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தது. பெண்கள் வரிசையாக இறங்க ஆரம்பித்தார்கள். பார்வதியக்கா இப்போது ஷெட்டில் எடை போடுகிற வேலையில் இருக்கிறார். வாசலில் நின்று ஒவ்வொருவராக எண்ணி உள்ளே அனுப்பினார். ஆபீசர் அண்ணாந்து பார்த்தார், பிறகு பெட்டியைத் திறந்து தடவினார்.

"திருகு எங்க சார்?"

"எடுத்துட்டேனுங்க."

"ஒரு நாளைக்கு மூணு தடவை ஊதுனாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாதா?"

"முடியாதுங்க."

இருபது நிமிஷத்தில் எதிர் மலையில் கறுத்துக்கொண்டு வந்து, மின்னல் ஒரு வெட்டு வெட்டியது. ஆபீசர் ஷெட்டுக்குள் வந்து நின்றார். பார்வதியக்காவின் இடது பக்கம் போய், குனிந்து சொன்னார்: "எனக்கும் இங்க உக்கார ஒரு சேர் போடச் சொல்லுங்கம்மா."

மின்னலைக் கேட்க வைப்பது ஒரு சுருள் கம்பி வேலை, மனுஷனைக் கேட்க வைப்பது மஞ்சூருக்குத் திரும்பத் திரும்பப் போகிற வேலை, அந்த பஸ்ஸில் பெரும்பாலும் உட்கார இடம் கிடைப்பதில்லை.