தோலுக்கு முன்னால் ஃபைல்

இஸ்திரிப் பெட்டி முன்கையில் பட்டது எனக்குத் தெரியவில்லை. என் மனைவி செல்விதான் கத்தினாள். "யோவ், கை பொசுங்குது! இன்னாய்யா மரம் மாதிரி நிக்கிற?"

மயிலாப்பூரில் ஜாக்கெட் தைப்பவன் நான். ஏழாவதோடு படிப்பு நின்றது. சூடு பட்ட இடத்தில் ஒன்றரை வருடமாகவே வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. மூன்று டாக்டர்களிடம் காட்டியாயிற்று.

முதல் டாக்டர் தொழிலைக் கேட்டார். "டெய்லரா? அப்ப சாயத்துணி அலர்ஜிதான்" (ஒவ்வாமை) என்று எழுதிக் கொடுத்தார். மற்ற இருவரும் கையைப் பார்க்குமுன் அந்தச் சீட்டு இருந்த ஃபைலைப் பிரித்தார்கள். அதே அலர்ஜி, களிம்பு மட்டும் மாறியது. நானும் உட்கார்ந்ததுமே "சாய அலர்ஜி சார்" என்றுதான் ஆரம்பிப்பேன். ஆனால் உள்ளே உறுத்தல். பள்ளிச் சீருடைக்கு வெள்ளைத் துணியே தைத்த மாதத்திலும் தேமல் வளர்ந்ததே? கேட்கப் பயம்.

சூடு பட்ட மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனோம். வரிசையில் நிற்கும்போது செல்வி ஃபைலைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். "நீ ஒண்ணியும் சொல்லாத. கைய மட்டும் நீட்டு."

அந்த டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "பஞ்சால தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

காத்திருந்தேன். "எப்பம்மா தொடுவீங்க?"

"நாலு தடவ தொட்டாச்சு."

முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்தார், தடித்திருந்தது. தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய், மாத்திரையில் குணமாகும்) என்றார். இன்னும் விட்டிருந்தால் விரல்கள் மடங்கியிருக்குமாம். ஊசி பிடிக்கிற விரல்கள்.

அவரையும் சந்தேகப்பட்டேன். தினமும் இந்த நோயையே பார்க்கிறவருக்கு எல்லாமே இதுவாகத் தெரியாதா? தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்து, முடிவு வந்த பிறகே நம்பினேன். அன்றுதான் ஃபைலை நீட்டினேன்.

புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இத மறைக்கக் கூடாது. ஆனா மொதல்ல தோலு, அப்புறம் ஃபைலு. முன்னாடியே படிச்சிருந்தா எனக்கும் அலர்ஜின்னுதான் தோணியிருக்கும்."

இதைப் படிக்கிற உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். நோயின் பெயரை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

ஒரு வருடம் மாத்திரை. அந்த மருந்தால் தோல் கறுத்துவிட்டது. விரல்கள் நேராக இருக்கின்றன. காலையில் கடை திறக்குமுன் நான் கண்ணை மூட, செல்வி நூல் நுனியால் தேமலைத் தொட்டுப் பார்க்கிறாள். நேற்று சந்தோஷத்தில் கத்தினேன்: "தொட்டுட்ட!"

"இன்னும் நூலே எடுக்கலய்யா," என்றாள்.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை.