கையிலிருந்து பிடுங்கிய கிண்ணம்

சோராவை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நம்பாததற்குக் காரணங்கள் இருந்தன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

2003-இல் கரூரிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார்ல்ஸ்ரூஹேயில் நான் போய் இறங்கிய மாணவர் விடுதியில், மூன்றாம் மாடியில் பன்னிரண்டு அறைகள், பன்னிரண்டு பேருக்கும் ஒரே சமையலறை. அந்த மாடிக்குப் பொறுப்பு சோராதான். முழுப்பெயர் பியோன் சோரா. கொரியாவில் தேகு என்ற ஊர்க்காரி, பஸ் டிரைவர் மகள், என்னைப் போலவே எலக்ட்ரிகல், மேல் வகுப்பு. என்னைவிட ஒரு தலை உயரம், ஆண்பிள்ளை கிராப், வருடம் முழுக்க ஒரே கறுப்பு ஸ்வெட்டர். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டால், அதை எடுத்து வந்து போட்டவர் அறைக் கதவைத் தட்டிக் கையில் கொடுப்பாள். தன் முறைக்கு அடுப்பைத் துடைக்காமல் போன ஸ்பெயின்காரன் ஒருவன், தோழியோடு உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, துடைக்கும் துணியோடு போய் அவன் முன்னால் நின்றாள். ஒரு வண்டிகூட இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மழையில், சிவப்பு விளக்குக்காக நின்றவளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருத்தியை யாருக்குப் பிடிக்கும்?

பிடிக்காமல் போவது வேறு, சந்தேகப்படுவது வேறு. எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு முட்டையால். முட்டை என்றால் தாளில் போடுகிற பூஜ்யம்.

கன்ட்ரோல் இன்ஜினியரிங் பாடத்துக்கு வாராவாரம் கணக்குத் தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்தத்தில் பாதி மதிப்பெண் சேர்ந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். தாள்களைத் திருத்துவது பேராசிரியரிடம் உதவியாளராக இருந்த சோரா. என் வகுப்பில், அதே மாடியில், ராகவேந்திரா என்று ஒரு சேலத்துப் பையன். ஒரு வாரம் காய்ச்சல் என்று படுத்துவிட்டான். என் தாளைக் கொடுத்தேன், பார்த்து எழுதிக்கொண்டான். ஊரில் நான் படித்த காலேஜில் ரெக்கார்டு நோட்டை ஒருத்தர் எழுத, நாற்பது பேர் பார்த்து எழுதுவோம். அதற்குப் பெயர் உதவி. கொடுக்காதவளுக்குத்தான் கெட்ட பெயர்.

சோரா இரண்டு தாளிலும் பூஜ்யம் போட்டாள். நேரே போய்க் கேட்டேன், இது என் சொந்த உழைப்பு, அவன்தான் பார்த்து எழுதினான் என்று.

"யார் முதலில் எழுதியது என்பது என் வேலை இல்லை. இரண்டும் ஒரே தாள்," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அந்தப் பூஜ்யத்தால், பரீட்சைக்கு வேண்டிய பாதிக்கு எனக்கு அரை மதிப்பெண் குறைந்தது. அரையே அரை. ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்துதான் பரீட்சை எழுதினேன், தோற்றேன். மறுபடி எழுதினேன், மறுபடி தோற்றேன். ஜெர்மனியில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவது வாய்மொழித் தேர்வு. அதிலும் போனால் பல்கலைக்கழகத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், பெயர் போனால் விசா போகும், விசா போனால் கரூர்தான். என் தேர்வு 2005 பிப்ரவரி, ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு.

அந்தச் சமயத்தில்தான் சோரா என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

முதல் கேள்வி, "உன் தேர்வு எந்த நாள்? எத்தனை மணிக்கு? எந்தக் கட்டடம்?" பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள். இரண்டாவது, ஒரு வாரம் கழித்து, "நீயும் ராகவேந்திராவும் மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா?" ஒன்றரை வருடமாகக் குப்பையைத் தவிர எதையும் பேசாதவள் இதையெல்லாம் எதற்குக் கேட்கிறாள்?

"நிரு, நீ ஓவரா திங்க் பண்ற. சும்மா கேஷுவலா கேட்டிருப்பா," என்றான் ராகவேந்திரா.

"அவ மூஞ்சில கேஷுவல்னு ஒண்ணு இருக்கா?" என்றேன்.

சரி, அவளே பேச்சுக் கொடுக்கிறாளே என்று நானும் ஒருநாள் இறங்கிப் போனேன். அந்தப் பாடத்தில் வரும் நைக்விஸ்ட் வரைபடம் எனக்குப் பிடிபடவே இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், இந்த ஒரு இடம் மட்டும் புரியவில்லை, சொல்ல முடியுமா என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"இந்தப் பாடத்தைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே."

தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். பாதிச் சோற்றில் எழுந்து போனாள். இரண்டு நாள் கழித்து வேறொரு கணக்கைக் கேட்டேன், அதற்கும் அதே வார்த்தை, அதே நடை. பாடத்திட்டத்தில் எத்தனை அத்தியாயம் என்று கேட்டதற்குக்கூடப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு நான் சமையலறைக்குள் நுழைந்தாலே அவள் வெளியேறினாள். எனக்கு என்ன, தீட்டா? அவள் சொல்லித்தராவிட்டால் எனக்கு வராதா என்ற வீம்பில் நூலகத்தில் நான்கு நாள் உட்கார்ந்து, அந்த நைக்விஸ்டைத் தலைகீழாகச் சொல்லும் அளவுக்குப் படித்துத் தீர்த்தேன்.

இதையெல்லாம் நான் கொட்டியது பிறேமா அக்காவிடம். அக்கா மன்னார்க்காரர், சண்டைக் காலத்தில் அகதியாக வந்தவர், பல்கலைக்கழக உணவகத்தில் பரிமாறும் வேலை. என் தட்டில் மட்டும் உருளைக்கிழங்கு ஒரு கரண்டி கூட விழும்.

"உந்தப் பிள்ளையை எனக்கும் தெரியும்," என்றார் அக்கா. "ஒரு நாள் நான் கூடப் போட்ட கரண்டியைத் திருப்பி வையுங்கோ எண்டு சொன்னவள். உப்பிடியான ஆக்களோட கவனம். உம்மைப் பற்றி மேல எழுதிக் குடுக்கவும் கூடும்."

அக்கா சொன்னது எனக்குள் இறங்கியது. அவள் எழுதுவதற்குள் நாம் எழுதிவிட வேண்டும் என்று பட்டது. அன்றே உட்கார்ந்து, உதவியாளர் பியோன் சோரா வெளிநாட்டு மாணவி ஒருத்தியிடம் பகைமையோடு நடந்துகொள்கிறார், முதல் பூஜ்யத்திலேயே அது தொடங்கியது என்று பேராசிரியருக்கு ஒரு பக்கம் எழுதினேன். அவளும் வெளிநாட்டுக்காரிதான் என்பது எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. தேர்வில் தோற்றால் அங்கேயே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, கடிதத்தைப் பைக்குள் வைத்தேன்.

தேர்வுக்கு முதல் நாள் புதன்கிழமை சோராவுக்குப் பிறந்தநாள். அது தெரியவந்ததே சமையலறைக் கதவில் அவள் ஒட்டிய சீட்டால்: "இன்று மதியம் சூப். எல்லோருக்கும்." பெரிய பானையில் கடற்பாசி சூப் காய்ச்சியிருந்தாள், கொரியாவில் பிறந்தநாளுக்கு அதுதானாம். மாடியே வரிசையில் நின்றது. ராகவேந்திரா என்னையும் இழுத்துப் போனான். மாட்டிறைச்சி போடவில்லை என்று பானை மேலேயே எழுதி வைத்திருந்தாள். ஸ்பெயின்காரன் ஒரு கிண்ணத்தை நிரப்பி என் கையில் கொடுத்தான். நான் வாய்க்குக் கொண்டுபோகவில்லை, அதற்குள் சோரா வந்து அதைப் பிடுங்கினாள்.

"நீ இல்லை," என்றாள். "நீ நாளைக்கு."

பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் உட்கார வைத்து இலையை இழுத்த மாதிரி இருந்தது. நாளைக்கு என்றால் என்ன அர்த்தம், மிச்சம் மீதியா? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜெர்மன் வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை, நல்ல கரூர்த் தமிழில் நாலு கேள்வி கேட்டுவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால், கதவின் வெளிப்பக்கம், சரியாக என் முகத்துக்கு நேரே, பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தது. மேலே வெள்ளையாக மாவு. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. வாசலில் மாவு தூவி எதையாவது வைத்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், செய்வினை. அதுவும் யார் வேலை? எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டவள் வேலை.

பிறேமா அக்காவுக்கு போன் போட்டேன்.

"கையால தொட்டிட்டீரே?" என்றார்.

"தொட்டுட்டேன்கா."

"சரி, உப்புத் தண்ணியில கையைக் கழுவும். பேப்பரால பிடிச்சு எடுத்து எறியும். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போற ஆள், உதுகளை நம்பிறேல்லை. எண்டாலும் கவனமா இருக்கிறது நல்லதெல்லோ. மாதாவிட்டை மண்டாடுறன், நீர் பயப்படாமல் போயிட்டு வாரும்."

ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி ஊரிலிருந்து வந்த தமிழ்ப் பேப்பரை எடுத்தேன். வெண்ணெய்க் கத்தியால் சுரண்டிப் பேப்பரில் வாங்கி, என் பங்குக்கு மேலே ஒரு பிடி மஞ்சள்தூளையும் கொட்டி, சுருட்டிச் சமையலறைத் தொட்டியில் போட்டேன். எந்தத் தொட்டி என்றெல்லாம் பார்க்கவில்லை. கதவில் கொஞ்சம் ஒட்டியபடியே இருந்ததை வெந்நீர் ஊற்றித் துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பத்து மணி. மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர், பக்கத்தில் குறிப்பெழுத ஒரு ஆராய்ச்சி மாணவர். நடுவில் கேள்வி அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. முதல் அட்டையை நானே எடுக்க வேண்டும். எடுத்தேன். நைக்விஸ்ட்.

"நல்ல கேள்வி வந்திருக்கிறது," என்று பேராசிரியர் தலையசைத்தார். "அட்டைகளை எங்கள் சோராதான் தட்டச்சு செய்தாள். என் மாடியில் ஒரு மாணவி தேர்வுக்கு வருகிறாள், முடியும்வரை இந்தப் பாடத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று என்னிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் கேட்கக்கூட இல்லை. அது நீதானே?"

நான்தான் என்றேன். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் நான் என்ன பேசினேன் என்பது எனக்கு முழுதாக நினைவில்லை. நைக்விஸ்டை வரைந்தேன். இரண்டாவது கேள்வியில் தடுமாறினேன், மூன்றாவதில் விழுந்து எழுந்தேன். ஐந்து நிமிடம் வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாத்திய கதவின் வெளிப்பக்கம், என் முகத்துக்கு நேரே, அது ஒட்டியிருந்தது. அதே பழுப்புக் கட்டி. அதன்மேல் என் மஞ்சள்தூள் அப்படியே. ஓரத்தில் பிய்ந்து வராத ஒரு துண்டுத் தமிழ்ப் பேப்பர், "தக்காளி விலை" என்பது வரை படிக்க முடிந்தது.

தாழ்வாரத்தின் கடைசியில் சன்னலோரம் சோரா நின்றுகொண்டிருந்தாள். சுவரில் சாயாமல், கைகளைக் கட்டியபடி. பக்கத்தில் கட்டடக் காவலாளி, கதவில் இதையெல்லாம் ஒட்டக்கூடாது என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். தெரியும், விதி எனக்குத் தெரியும், தேர்வு முடிந்ததும் நானே சுத்தம் செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆளில்லாத சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்பவள்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"மிட்டாய். அரிசியில் செய்வது. என் அம்மா தேகுவிலிருந்து அனுப்பினார், ஒன்றுதான் இருந்தது." என்னைப் பார்க்காமல் கதவையே பார்த்துச் சொன்னாள். "தேர்வு நாளில் வாசலில் ஒட்டுவோம். ஒட்டினால் உள்ளே போனவர் விழமாட்டார். என் தேர்வுக்கு அம்மா பள்ளிக்கூட வாசலில் ஒட்டிவிட்டு எட்டு மணி நேரம் நின்றார். உன் கதவில் ஒட்டியதைத் தொட்டியில் பார்த்தேன். வேறு இல்லை. அதனால் இதையே..."

"சூப்?"

"கடற்பாசி வழுக்கும். தேர்வுக்கு முன்னால் யாருக்கும் கொடுக்க மாட்டோம்."

எனக்குக் காது வரை சுட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்று தெரியாது, ஆனால் நான் கேட்கவே இல்லை. கிண்ணத்தைப் பிடுங்கியவளிடம் தமிழில் கத்திவிட்டுப் போனவள் நான்.

"எட்டு மணி நேரம் நிற்பதாகவா இருந்தாய்?" என்றேன்.

"பன்னிரண்டு வரை. பிறகு எனக்கு வகுப்பு இருக்கிறது."

உள்ளே கூப்பிட்டார்கள். நான்கு புள்ளி பூஜ்யம், தேர்ச்சிக்கு வேண்டிய கடைசிப் படி, அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. போதும். பேராசிரியர் கை கொடுத்தார். வெளியே வந்தபோது சோரா வெண்ணெய்க் கத்தியால் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் போலும். தலையை மட்டும் ஒருமுறை ஆட்டினாள்.

நான் பையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, கைக்குக் கிட்டிய தொட்டியில் போட்டேன். அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். வந்து, குனிந்து, நான்கு துண்டையும் வெளியே எடுத்தாள். மேல் துண்டில் அவள் பெயர் முழுதாக இருந்தது, பகைமை என்ற சொல்லும். நின்று படித்தாள்.

துண்டுகளைக் காகிதத் தொட்டியில் போட்டாள்.

"ஆறு மணிக்குச் சூப்," என்றாள். "கிண்ணம் நீயே கொண்டு வா."