பாதாம் மரத்தில் ஒரு தூளி

கயிறு அரசப்பன் சம்பந்தி கொண்டுவந்தது, நான் இல்லை. யாரும் கேட்கவில்லைதான். ஆனால் பார்படோஸ் தீவில் எடுத்த தூளிப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் என்னையே புகழ்கிறார்கள். புகழ் அவருக்குப் போக வேண்டியது.

அரசப்பன் என் மகள் கயல்விழியின் மாமனார். நீடாமங்கலத்தில் முப்பது வருஷமாக வைக்கோல் லாரிக்குப் பாரம் கட்டுகிறவர். இரண்டாள் உயரத்துக்கு ஏற்றிய வைக்கோலை அவர் இழுத்துக் கட்டிவிட்டால் கேரளா போய்ச் சேரும்வரை ஒரு பிடிகூடச் சரியாது. பேத்தியைப் பார்க்க நானும் அவரும் கிளம்பியபோது, தன் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே ஒரு கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

“அங்க யாரு சம்பந்தி, வைக்கோல் லாரிய நிறுத்தி வச்சிக்கிட்டு உங்களுக்காகக் காத்திருக்காங்க?” என்று கேட்டேன். சிரித்தார், கயிற்றை வெளியே எடுக்கவில்லை.

பேத்திக்கு மூன்று மாதம். கொட்டாவி விடும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுவாள். அதைப் பார்க்கவே அவ்வளவு தூரம் போகலாம்.

அங்கே வேலை பார்க்கும் மருமகன் தமிழரசன், ஈஸ்டர் லீவுக்கு நான்கு நாள் கடலோரமாக ஒரு வீடு எடுத்திருந்தார். நம் ஊரில் உளுந்து பறிக்கிற பங்குனி வெயில். அங்கே காற்று சுகமாக வீசியது. என்னென்ன செய்வது என்று கயல் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். குகைக்குள் வண்டியில் போவது, பட்டம் விடுவது, வெள்ளிக்கிழமை மீன் கடை, கடைசி நாள் கடலில் ஆமைகளோடு நீந்துவது. ஆமைதான் அவளுடைய ஒரு வருஷத்து ஆசை. பிள்ளை வயிற்றில் இருந்தபோதே அந்த வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் குழந்தை தூளியைத் தவிர வேறெதிலும் தூங்காது. அவர்கள் வீட்டில் கம்பி ஸ்டாண்டில் தூளி தொங்கியது. கடலோர வீட்டில் கட்டில் மட்டும்தான். குகை வாசலிலேயே அழுகை, திரும்பினோம். மீன் கடையில் கயல் இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் கிளம்ப வேண்டியதாயிற்று. மரத்தில் தூளி கட்டலாமே என்று சம்பந்தி முதல் நாளே சொன்னார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கயல் தடுத்தாள். நானும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

நான்காம் நாள் ஒன்பது மணிக்குப் படகு. பால் குடித்த பிறகும் குழந்தை கத்திக்கொண்டிருந்தாள். தான் வரவில்லை என்று கயல் தமிழரசனிடம் சொல்லிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என் பழைய சுங்குடிச் சேலையை எடுத்துப் போய்ச் சம்பந்தியிடம் நீட்டினேன்.

“கட்டுங்க” என்றேன்.

கரையில் நின்றது நம் ஊர் பாதாம் மரமேதான். கட்டலாமா என்று வீட்டுக்காரம்மாவிடம் தமிழரசன் கேட்டதற்கு, சரி என்று சொல்லி அவரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். சம்பந்தி கிளையை உலுக்கிப் பார்த்தார். கட்டி முடித்ததும், கனம் தாங்குகிறதா என்று, கொண்டுபோயிருந்த அரிசிப் பையைத் தூளியில் போட்டு ஆட்டினார். பிறகுதான் பேத்தியை வாங்கிக் கிடத்தினார். பத்து ஆட்டு ஆட்டுவதற்குள் சத்தம் நின்றது.

கயல் படகுக்கு ஓடினாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள். மூன்று ஆமை பார்த்தாளாம். ஒன்று அவள் கையை உரசிக்கொண்டு போனதாம்.

“மாமா, அடுத்த படகுல நீங்க போயிட்டு வாங்க. நான் ஆட்டுறேன்.”

தூளியிலிருந்து கையை எடுக்காமல் அவர் சொன்னார்:

“ஆமை எங்கம்மா ஓடிடப் போவுது? இவதான் இப்ப முழிச்சிக்குவா.”