ஹால்வர் நெஸ் போடாத ஓட்டு

எங்கள் ஊர் வக்கீல் ஹால்வர் நெஸ் வடக்கு டகோட்டா மாநில செனட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தார். பேச்சில் சூரர் என்று சொல்ல மாட்டேன். சர்ச் விருந்துக்கு ஓட்டுக் கேட்க வந்தால் தட்டில் மீனை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார். அவருக்காக அவர் மனைவி இங்காதான் மேஜை மேஜையாகப் போய்க் கேட்பாள்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: எங்கள் ஆற்றுக்கு ஒரு பாலம். அது இல்லாமல் கோதுமை லாரிகள் ரயிலடிக்கு நாற்பது மைல் சுற்றின. தானியக் கிடங்கு வைத்திருந்த எனக்கு அந்தச் சுற்றின் கஷ்டம் தெரியும். ஆறு வருஷம் நாயாய் அலைந்து, 1957-ல் மசோதாவை ஓட்டெடுப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

முந்தின நாள், பாலத்தை எதிர்த்த டெல்மர் கிராஃபுக்குத் தந்தி வந்தது. மனைவிக்கு அவசர அறுவை சிகிச்சை. செனட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போக வேண்டியவர் எதிர்ப்பக்கத்தில் ஒருவரோடு கை குலுக்குவார். இவர் வரும்வரை அவரும் ஓட்டுப் போடமாட்டார். கிராஃப் ஹால்வரிடம்தான் கை நீட்டினார். மசோதா ஜெயிக்கத் தேவையான இருபத்தைந்து பேர் தன் ஓட்டு இல்லாமலே இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் இவரும் குலுக்கிவிட்டார்.

காலையில் அந்த இருபத்தைந்தில் ஒருவர் பல்டி அடித்தார். எழுத்தில் ஒன்றும் இல்லையே, எழுந்து ஓட்டைப் போடு என்று கூட்டாளிகள் ஹால்வரின் கோட்டைப் பிடித்து இழுத்தார்களாம். பெயர் கூப்பிட்டபோது, கிராஃபுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஒரு ஓட்டில் பாலம் போயிற்று.

ஊர் திரும்பியவரைக் காப்பிக் கடையில் பிடித்தேன். எனக்குக் கோபமான கோபம்.

"கொடுத்த வாக்கு மேல லாரி ஓட்ட முடியாது, வக்கீலே."

அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "எழுதிக் குடுத்திருந்தா கோர்ட்டு பாத்துக்கும். வாயால சொன்னத நான்தானப்பா பாத்துக்கணும்."

அடுத்த தேர்தலில் ஹால்வர் தோற்றார். நானும் அவருக்குப் போடவில்லை. ஊரில் பாதிப்பேர் அதை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

மறு வருஷம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. கிடங்கை என் மூன்று பெண்களுக்கும் சண்டையில்லாமல் பிரிக்க வேண்டும். நான் கண்ணை மூடிய பிறகு, சொன்னதைச் சொன்னபடி செய்ய ஒரு ஆள் வேண்டும். யோசிக்கவே இல்லை, நேரே ஹால்வரின் அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் ஐந்து பேர், உயில் எழுதத்தான் காத்திருந்தார்கள். ஐந்து பேருமே அவரைத் தோற்கடித்தவர்கள். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.