விரல் சொன்ன தொண்ணூற்றாறு

எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் உண்டு. எனக்கு மூச்சு முட்டுவதுபோல் தோன்றினால், ஆக்சிஜன் பார்க்கும் கருவியை விரலில் மாட்ட வேண்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டினால் வாயைத் திறக்கக் கூடாது. என் பயத்துக்குப் பயந்து மனைவி வாங்கி வைத்த கருவி அது. அவளைக் குறை சொல்ல முடியாது. வாயுப்பிடிப்புக்கே மரண சாசனம் சொல்லத் தொடங்கி, "பேனா எடுத்துட்டு வா" என்று அவளையே ஏவியவன் நான்.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் காலை, கட்டிலிலிருந்து அடுப்படி வரை நடந்ததற்கே ஓடி வந்தவன்போல் இரைத்தது. விரலில் மாட்டினேன். தொண்ணூற்றாறு.

"பாத்தியளா? போய் பல்லை விளக்குங்க."

ஒப்பந்தப்படி அவள் சொன்னது சரி. பாதிப் பல் விளக்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவளே ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரிக் கருவியும் அதே தொண்ணூற்றாறைத்தான் காட்டியது. பக்கத்துக் கட்டிலில் எலுமிச்சை நிறத்தில் நல்ல சிவப்பான ஒருவர், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, செல்போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தொண்ணூற்றொன்றாம். ஒரு முழு வாக்கியம் பேச முடியாத எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி.

"பயத்துல வருது அண்ணாச்சி. தண்ணி குடிங்க" என்றார் டாக்டர்.

"இவிய எப்பவுமே இப்படித்தான் சார்" என்றாள் என் மனைவி.

பயந்தாங்கொள்ளிக்கு இதுதான் கஷ்டம். நிஜமாகவே ஏதாவது வரும்போது சாட்சிக்கு ஆள் கிடைக்காது.

அங்கிருந்த நர்ஸம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி என்ன வேலை பாக்குதீங்க?"

"கண்டக்டர்... தூத்துக்குடி வண்டி."

"வழியில உள்ள ஊரையெல்லாம் ஒரே மூச்சுல கூப்பிடுங்க, பாப்போம்."

எட்டயபுரம், எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை, தூத்துக்குடி. இருபது வருடமாகத் தூக்கத்திலும் கூவுகிறவன் நான்.

"எட்டயபுரம்... எப்போதும்..."

அதற்கு மேல் வண்டி நகரவில்லை. என் மனைவியின் முகம் அப்போதுதான் மாறியது.

நர்ஸம்மா தன் விரலை என் விரலுக்குப் பக்கத்தில் வைத்து டாக்டரிடம் காட்டினார். இரண்டும் அசல் கரிசல் காடு.

"இந்தக் கருவி வெளிச்சத்தைப் பாய்ச்சி அளக்குது சார். இந்த மாதிரி கறுத்த தோல்ல சில நேரம் கூட்டிக் காட்டிருது. ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்."

டாக்டர் என்னை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மணிக்கட்டில் ஊசி இறங்கியது. கூச்சல் போட என்னிடம் மூச்சு இல்லாததால் அந்த வார்டு தப்பித்தது. முடிவு வந்தபோது எண்பத்தாறு. நிமோனியா. நாற்காலி போய்க் கட்டில் வந்தது, முகமூடியும் வந்தது. முகமூடிக்குள் முதல் மூச்சை இழுத்தபோது எனக்குப் பயமே இல்லை. அதைச் சொல்லிப் பெருமைப்படலாம் என்றால் வாயை மூடிவிட்டார்கள்.

 மனைவி என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது ஒப்பந்தம் திருத்தப்பட்டுவிட்டது. கருவி இருக்கிறது, ஆனால் அதன் பேச்சு மட்டும் செல்லாது. மூச்சு முட்டுகிறது என்றால், அடுப்படியிலிருந்தே குரல் வரும்: "எங்க, தூத்துக்குடி வரைக்கும் கூப்பிடுங்க." நானும் கூப்பிடுவேன்.

போன வாரம் வேண்டுமென்றே குறுக்குச்சாலையில் நிறுத்திப் பார்த்தேன். தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். என் முகத்தில் சிரிப்பைப் பார்த்தாள். பிறகு தோசைக்கரண்டியை எடுக்கத் திரும்பிப் போனாள், தோசையைத் திருப்ப அல்ல.