இரண்டு பேருக்கும் பச்சை

தார்மோ பீரோனென் எங்கள் ஊரை விட்டுப் போனது நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏரி இன்னும் உறையவில்லை, பனியும் விழவில்லை. கரையெல்லாம் சாம்பல் நிறச் சேறாகக் கிடந்தது. பேருந்து நிறுத்தம் வரை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். அவரிடம் ஒரு முதுகுப்பையும் பழைய காபிக் கெட்டிலும் மட்டும் இருந்தன.

"லேப்டாப் எங்க, தார்மோ?"

"ஏரில போட்டுட்டேன்."

"நிஜமாவா?"

"சே, ஏரி என்ன பாவம் பண்ணுச்சு? ஆபீஸ் மேசையிலயே வச்சுட்டு வந்துட்டேன்."

பேருந்து வந்ததும் கைகூடக் கொடுக்காமல் ஏறிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

பல வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பிய எனக்கு வேலை கொடுத்த ஒரே இடம் வெய்யோவின் சின்ன மென்பொருள் நிறுவனம். அங்கே எல்லாம் தெரிந்த ஆள் தார்மோ. ஐம்பதைத் தாண்டியவர், தனி ஆள், மதியம் தினமும் கறுப்பு ரை ரொட்டியும் வெள்ளரிக்காயும். ஏரித் தீவுகளில் தனியாக வசிக்கும் வயதானவர்களைக் கவனிக்கும் நர்ஸுகளுக்காக ஒரு இணையச் சேவை எழுதியிருந்தார். முதியவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். விழுந்தால் அதை அழுத்துவார்கள். பணியில் இருக்கும் நர்ஸின் போன் அலறும். நர்ஸ் பணி முடிக்க வேண்டுமென்றால் போனில் ஒரு பொத்தானை அழுத்துவார். அந்தப் பகுதியில் இன்னொருவர் பணியில் இருக்கிறாரா என்று சேவை பார்க்கும். இருந்தால் பச்சை, நீங்கள் போகலாம். இல்லையென்றால் சிவப்பு, நீங்கள்தான் கடைசி ஆள்.

இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால் என்ன ஆகும்? அதைத் தீர்மானிப்பது தரவுத்தளத்தில் இருக்கும் ஒரு அமைப்பு. ஒன்றாக வரும் வேலைகளை அது எவ்வளவு கறாராகப் பிரித்து வைக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். அதைத் தனிமை நிலை என்போம். தார்மோ முதலில் வைத்திருந்தது மிகக் கறாரான நிலை. எத்தனை பேர் ஒன்றாக வந்தாலும், வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராக வந்ததைப் போல்தான் முடிவு இருக்க வேண்டும். அப்படி முடியாதபோது ஒருவரைத் தள்ளிவிடும்: "மறுபடி முயலவும்."

பணி மாறும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாக அழுத்துவார்கள். வீட்டுக்குப் போக வேண்டியவர்களுக்குக்கூட "மறுபடி முயலவும்" வந்துகொண்டே இருந்தது. வசந்த காலத்தில் நர்ஸுகள் சேர்ந்து புகார் எழுதினார்கள்.

"இந்தக் கருமத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துரு," என்றார் வெய்யோ.

"எடுக்கக் கூடாது. சேவையே தானா மறுபடி முயற்சி பண்ற மாதிரி எழுதணும். ரெண்டு வாரம் குடு."

"ரெண்டு வாரமா? நீ ஒரு காபி போடவே ரெண்டு வாரம் எடுப்ப. ஒரு படி இறக்கிவிட்டா சரியாகுமா, ஆகாதா?"

"அந்த மெசேஜ் வராது."

"அப்பறம் என்னய்யா?"

தார்மோ ஒரு படி இறக்கினார். அந்த நிலையில் ஒவ்வொரு வேலையும் தான் தொடங்கிய நொடியில் யார் யார் பணியில் இருந்தார்கள் என்ற ஒரு படத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும். பக்கத்தில் நடப்பதைப் பார்க்காது. தரவுத்தளத்தில் ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு வரி உண்டு; இரண்டு வேலைகள் ஒரே வரியை மாற்றினால் மட்டும் தடுக்கும். அவர் சோதித்துப் பார்த்தார், ஒரே நர்ஸ் இரண்டு போனில் அழுத்துவதைப் போல. தடுத்தது. திருப்தியோடு ரொட்டியைப் பிரித்தார். இரண்டு நர்ஸுகள் அழுத்தும்போது ஆளுக்கு அவரவர் வரியைத்தான் மாற்றுவார்கள் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. இருவர் ஒரே நொடியில் வேண்டுமென்றே அழுத்துவார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் யாருமே நினைத்ததில்லை.

ஆனால் நர்ஸுகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஜூஹான்னுஸ், அதாவது கோடை நடுநாள் விழாவன்று இந்த நாட்டில் யாரும் ஊரில் இருக்கமாட்டார்கள். எல்லோரும் ஏரிக்கரைக் குடிசையில் சவுனா என்னும் நீராவிக் குளியலறையைச் சூடேற்றிக்கொண்டிருப்பார்கள். யார் பணியில் தங்குவது என்று பேசித் தீர்ப்பது எங்கள் ஆட்களுக்குச் சங்கடம். அதனால் தேவாலய மணி அடித்ததும் ஒரு பகுதியின் இரண்டு நர்ஸுகளும் ஒன்றாக அழுத்துவார்கள். பச்சை வந்தவர் கிளம்பலாம், சிவப்பு வந்தவர் தங்கவேண்டும். ஜெயித்தவர் தோற்றவருக்குப் போன் செய்யக் கூடாது. அது குத்திக்காட்டுவது போலாகும். திரும்பி வரும்போது ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு வைத்து ஒரு கேக் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் போதும்.

அந்த வருடம் வடக்குத் தீவுகளில் மார்யுத், ஹெலினா என்று இரண்டு பேர். மணி அடித்தது. இருவருக்கும் பச்சை வந்தது. மற்றவர் தங்கிவிட்டார் என்று நம்பி இருவரும் கிளம்பினார்கள். வழக்கப்படி யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை.

மறுநாள், சனிக்கிழமை காலை, மதகுக் காவலராக இருந்து ஓய்வுபெற்ற ஊர்ஹோ லாமனென் படகுத்துறையில் வழுக்கி விழுந்தார். பட்டையை அழுத்தினார். யாருமே பணியில் இல்லாத நிலை வராது என்று நம்பித்தான் சேவை எழுதப்பட்டிருந்தது; அதனால் அப்படி வந்தால் என்ன செய்வது என்று அதில் எதுவும் இல்லை. அழைப்பு வரிசையில் காத்திருந்தது.

ஞாயிறு மாலை மார்யுத் திரும்பி வந்து பணியில் சேர்ந்தார். போன் உடனே அலறியது. ஹெலினாவுக்காகச் சுட்ட கேக் காரில் பக்கத்து இருக்கையில் இருக்க, படகுக்கு ஓடினார். லாமனென் துறையிலேயே கிடந்தார். இடுப்பு உடைந்திருந்தது. உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

இரண்டு நர்ஸுகளும் பணியை வைத்துச் சூதாடியதாகப் பேச்சு எழுந்தது. உரிமம் பறிபோகும் என்றார்கள். வெய்யோ எங்களைக் கூட்டி உட்கார வைத்தார்.

"விளையாடினது அவங்க. நம்ம சேவை சொன்னதைச் செஞ்சுது. யாரும் வாயைத் திறக்க வேண்டாம்."

"சொன்னது நான்தானே," என்றார் தார்மோ.

அன்று பிற்பகலே மார்யுத்தின் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார் தார்மோ. நான் காரை ஓட்டினேன்.

மார்யுத் கதவைத் திறந்தார். பணிச் சீருடையில்தான் இருந்தார், வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்ன பிறகும்.

"யாரு நீங்க?"

"அந்த ட்யூட்டி சேவையை எழுதுனவன்."

"உள்ள வாங்க. காபி இருக்கு."

கோப்பையைத் தொடாமல் தார்மோ சொன்னார்: "நீங்க அழுத்துனப்போ ஹெலினா இருக்காங்களான்னு அது பார்த்துச்சு, இருந்தாங்க. அவங்க அழுத்துனப்போ நீங்க இருக்கீங்களான்னு பார்த்துச்சு, இருந்தீங்க. ரெண்டும் உண்மைதான். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு காவல் இருந்துச்சு. அதை நான் எடுத்துட்டேன்."

"எதுக்கு எடுத்தீங்க?"

"'மறுபடி முயலவும்'னு வருதுன்னு புகார் வந்துச்சு."

மார்யுத் தன் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அந்தப் புகார்ல முதல் பேரு என்னோடது," என்றார்.

காபி ஆறிப்போனது. நாங்கள் கிளம்பும்போது மார்யுத் வாசலில் நின்று, "இதை எல்லார் முன்னாடியும் சொல்வீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லுவேன்."

விசாரணையில் சொன்னார். எதை எதற்காக மாற்றினார், என்ன சோதித்தார், எதைச் சோதிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக. நர்ஸுகளின் உரிமம் தப்பியது. எச்சரிக்கையோடு விட்டார்கள். ஹெலினா மட்டும் அதற்குப் பிறகு நோயாளி யாரையும் தொடவில்லை. பூக்கடையில் வேலைக்குப் போனார். மார்யுத் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார். வெய்யோவின் ஒப்பந்தம் ரத்தானது, எங்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. கடையில் தார்மோ வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் அளவுக்கு அதிகமாக இடம் விட்டு நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் ஊரிலேயே இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

போன பிறகு எங்கேயோ வடக்கில் சாலைப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். கிறிஸ்துமஸுக்கு நான் எழுதினால் "நலம்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். நானும் மறுபடி ஊரை விட்டுப் போனேன், மறுபடி திரும்பினேன்.

சில வருடங்கள் கழித்து, ஒரு ஜூன் மாதம், ஜூஹான்னுஸுக்கு முந்தின வாரம், மார்யுத்திடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அதை அப்படியே தார்மோவுக்கு அனுப்பி வைத்தேன்.

"வென்லா, தார்மோ நம்பர் எங்கிட்ட இல்ல. நான் வேலைக்குத் திரும்பிட்டேன். இந்த ஜூஹான்னுஸுக்கு வடக்குத் தீவுல ட்யூட்டி நான்தான். பொத்தான் அழுத்தல, வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கிட்டேன். அவரை மன்னிச்சுட்டேன்னு அர்த்தம் இல்ல, என்னையும் மன்னிக்கல. ஆனா யாராவது பட்டையை அழுத்துனா நான் எடுப்பேன்னு அவருகிட்ட சொல்லு."